பயத்துக்கும் இடுக்குக்கும் ஒரே வேர்

1

நெஞ்சு இறுகிப்போய் மருத்துவரிடம் ஓடிய நான், தொண்டைப் புண்காரர்களுக்கு நடுவே முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே ஒரு சிறிய ஊர். மகள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டோம். பாஷை வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மார்புக்கு நடுவில் ஒரு பிடி. மூச்சை உள்ளே இழுத்தால் பாதி வழியில் நின்றுவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். போயிருக்காவிட்டாலும் நான் அவரைக் கூப்பிட்டிருக்க மாட்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் வீட்டில் இருந்த மகள் யாழினியை அழைத்துக்கொண்டு பக்கத்துத் தெரு மருத்துவமனைக்கு நடந்தேன்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் "ஆங்கீனா" என்றேன். நெஞ்சுவலியை நம் ஊர் டாக்டர்கள் 'ஆஞ்சைனா' என்பார்களே, அதைத்தான் ஜெர்மன் உச்சரிப்புக்கு மாற்றிச் சொன்னேன். அந்தப் பெண் அனுதாபத்தோடு தலையாட்டி, முகமூடி ஒன்றைக் கொடுத்து, மற்றவர்களுக்குத் தொற்றிவிடாமல் மூலையில் உட்காரச் சொன்னாள். கழிவறைக்குப் போய்விட்டு வந்த யாழினி என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

"அம்மா, நீங்க என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"அய்யோ! ஆங்கீனான்னா இங்க தொண்டைப் புண்ணு!"

மேசைக்கு ஓடிப்போய் அவள் வேகமான ஜெர்மனில் எதையோ சொன்னாள். சற்று நேரத்தில் என் மார்பில் வயர்கள் ஒட்டப்பட்டிருந்தன.

மருத்துவர் வயதான அம்மாள். என் நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரே ஒரு சொல் கேட்டார்: "எங்?"

"இங்கதான்" என்று தமிழில் சொல்லிக் கைகாட்டினேன். யாழினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டாள். 'எங்' என்றால் ஜெர்மனில் ஒடுக்கம், இறுக்கம். இறுக்கமாக இருக்கிறதா என்று அவர் கேட்க, எங்கே வலிக்கிறது என்று கேட்டதாக என் காது எடுத்துக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் வலி வந்தால் காது ஊருக்குத் திரும்பிவிடுகிறது.

இதயத்தில் கோளாறு இல்லை என்றார். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மட்டும் காத்திருக்க வேண்டும். "இது ஆங்ஸ்ட்" என்றார். பயம், பதற்றம். "சமீபத்தில் ஏதாவது நடந்ததா?"

"இல்லை" என்றேன். பக்கத்தில் நின்ற யாழினி தரையைப் பார்த்தாள்.

காத்திருந்த நேரத்தில் அவளே பேச்சை எடுத்தாள். பள்ளியில் அவள் லத்தீன் படிக்கிறாள். இங்கே பல பிள்ளைகள் படிக்கிறார்கள், எதற்கு என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. அவர்கள் பாடத்தில் ஒரு படை மலை இடுக்கில் மாட்டிக்கொள்கிறதாம். அந்த இடுக்குக்கு லத்தீனில் 'அங்குஸ்தியே' என்று பெயர். அதையும் 'எங்', 'ஆங்ஸ்ட்' இரண்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று ஆசிரியர் சொன்னாராம். ஆங்கிலத்தில் பதற்றத்துக்கு இருக்கும் சொல், கோபத்துக்கு இருக்கும் சொல், நான் மேசையில் உளறிய ஆங்கீனா எல்லாம் அந்தக் குடும்பம்தானாம். பழைய சமஸ்கிருதத்திலும் 'அம்ஹஸ்' என்று ஒன்று இருக்கிறதாம், துன்பம், நெருக்கடி என்ற பொருளில். யாரும் எழுதிவைக்காமல் போன ஒரு மூதாதை மொழியின் வேர் அது. மிஞ்சியிருக்கும் சொற்களை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்து எடுத்திருக்கிறார்கள். அதன் முதல் பொருள் பயமில்லை. இடுக்குதான், இறுக்குவதுதான்.

நம் தமிழ் அந்தக் குடும்பத்தில் சேராது. ஆனாலும் நாமும் கஷ்ட காலத்தை நெருக்கடி என்கிறோம். துன்பத்துக்கு இடுக்கண் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். 'நெஞ்சை அடைக்குது' என்கிறோம். உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதானே. எனக்குத் தோன்றியது வேறு. நெருக்கடி பிறந்த அதே இடத்தில்தான் நெருக்கம் என்ற சொல்லும் நமக்குப் பிறந்திருக்கிறது. தூரத்தில் இருப்பவர்கள் யாரும் என் நெஞ்சை இறுக்கவில்லை. இறுக்கியவர்கள் எல்லோரும் நெருக்கமானவர்கள்.

2

அப்பா திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்தப் பெரிய வண்டியோடு வருடத்தில் பாதியை ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கழிப்பார். திரும்பி வரும்போது அவர் சட்டையில் ஏதோ ஓர் ஊரின் பாறைத்தூள் இருக்கும்.

நான் எட்டாவது படித்தபோது, எங்கள் ஊர் ரிக் லாரி ஒன்று வடக்கே கவிழ்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. யாருடைய வண்டி என்று தெரியவில்லை. அப்போது வீட்டில் போன் கிடையாது. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். கவிழ்ந்தது வேறொருவர் வண்டி. நான் விழுந்த சேதி கேட்டு அப்பா வேலையைப் பாதியில் விட்டு ரயிலேறி வந்தார். தட்டில் சோற்றைப் போட்டு என் முன்னால் உட்கார்ந்து, "தின்னு சாமி, நாந்தான் வந்துட்டன்ல" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. பாப்பாகிட்டச் சொல்லாதீங்க, பயந்துக்குவா. அண்ணனுக்கு மோட்டாரில் ஷாக் அடித்ததை ஒரு வருடம் கழித்துச் சொன்னார்கள். பயந்தவள் என்ற பேர் என் பேரோடு ஒட்டிக்கொண்டது. செல்லம் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகு அப்பா வண்டியை அண்ணன் செந்திலிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். சனிக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவோம். "எப்படிங்கப்பா இருக்கறீங்க?" என்பேன். "எனக்கென்ன சாமி, கல்லாட்டம் இருக்கறேன்" என்பார். பிறகு யாழினி போனைப் பிடுங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விடுவாள். என்னிடம் ஜெர்மனிலேயே பதில் சொல்லும் பெண், தன் அப்புச்சியிடம் மட்டும் தமிழில் பேசினாள். அம்மாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்புச்சி என்போம். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து "ஏனுங்க அப்புச்சி", "ஆமாங்க அப்புச்சி" என்று கேட்கும். எப்படியோ தமிழ் பிழைத்துக்கொண்டது என்று நான் அடுப்படியில் நின்று பூரித்துப்போவேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை என் கணவர் குமரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா போயிட்டாரு சாந்தி. திடீர்னு. நெஞ்சுவலி" என்றார். ஊர் போய்ச் சேர்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் முகம் பார்த்தேன். அண்ணன், அண்ணி, வந்தவர்கள், போனவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். திடீர்னு. படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் போனாரே என்று ஒரு வருடம் அதைச் சொல்லியே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

3

முதல் வருடத் திதிக்கு நான் மட்டும் போனேன். யாழினிக்குப் பள்ளி இருந்தது.

காலையில் படையலுக்குப் பூசணி அரிந்துகொண்டிருந்தோம், நானும் அண்ணியும். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கை மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அரிந்த துண்டுகளைத் தண்ணீரில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஆடியில அந்த மூணு அடைப்பு இருக்குதுன்னு சொன்னாங்கல்ல அம்மிணி, அப்பவே ஆபரேசன் பண்ணியிருந்தா மாமா இன்னைக்கு இருந்திருப்பாரு."

"எந்த ஆடியில?"

"போன ஆடிக்கு முந்தின ஆடி. சேலத்துல படம் எடுத்தாங்களே." என் முகத்தைப் பார்த்ததும் அவர் கத்தி நின்றது. "உங்க ஊட்டுக்காரரு சொல்லலீங்களா? அவருகிட்டத்தான அன்னைக்கே சொன்னாங்க."

ஆடியிலிருந்து மாசி. அத்தனை சனிக்கிழமைகளும் என் கண்முன் வந்து நின்றன. கல்லாட்டம் இருக்கறேன் சாமி. பூசணியை அரிந்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிண்டம் கரைக்கக் காவிரிக் கரையில் இருக்கும் ஜேடர்பாளையத்துக்குக் காரில் போனோம். அணைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிறைய இருந்தது. கரையில் காலை நேரத்திலேயே மீன் வறுக்க அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பிண்டத்தை ஆற்றில் விட்டு, முங்கி எழுந்து, துண்டால் தலை துவட்டிக்கொண்டு மேலே வந்தார். நான் படியிலேயே நிறுத்தினேன்.

"அப்பாவுக்கு அடைப்பு இருந்தது எனக்கு ஏனுங்கண்ணா தெரியாது?"

அண்ணன் நங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவர் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பாதான் கையடிச்சுச் சத்தியம் வாங்கீட்டாரு பாப்பா. நீ அங்க ஒண்டியாக் கெடந்து பயந்துக்குவீன்னு."

"ஒண்டியா எங்க இருந்தேன்? அவருகிட்டச் சொன்னீங்கல்ல."

"மாப்ளையும் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு."

"நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பா ஆபரேசனுக்கு ஒத்துக்கிட்டிருப்பாரு. உங்களுக்கே தெரியும். நான் சொன்னா தட்ட மாட்டாரு."

அண்ணன் ஆற்றைப் பார்த்தார். "தெரியும்" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பொறவு என்ன பண்றது? சத்தியம் பண்ணீட்டேன்" என்றார்.

சத்தியம் காப்பாற்றப்பட்டது. அதற்குப் பிறகு அங்கே இருந்த நாட்களில் நான் அவரோடு அதைப் பேசவில்லை. படையல் இலையில் அப்பாவுக்குப் பிடித்த வெல்லப் பலகாரமான கச்சாயம் வைத்தார்கள். எனக்குக் கும்பிட வரவில்லை.

4

விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது காரில் கேட்டேன். குமரேசன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்போ உனக்கு விசா கார்டு கைல இல்ல, சாந்தி. ஆபீசுல கெடந்துச்சு. சொல்லியிருந்தா நீ போகவும் முடியாம இருக்கவும் முடியாமத் தவிச்சிருப்பே."

அது பாதி உண்மை. அந்த வருடம் எங்கள் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதிது வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதே வரம். கிடைத்தால் போட்டோவில் காது தெரியவில்லை என்பார்கள், வாடகை ஒப்பந்தம் பழையது என்பார்கள். புதிய அட்டை வரும்வரை ஒரு மடிப்புத் தாளைக் கொடுப்பார்கள். அதன் பெயரை அப்படியே தமிழாக்கினால் 'கற்பனைச் சான்றிதழ்' என்று வரும். உனக்கு அனுமதி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம் என்று ஓர் அரசாங்கம் முத்திரை குத்தித் தருகிறது. அதை வாங்கிய அன்று நாங்கள் இருவரும் மாடிப்படியில் நின்று சிரித்தோம்.

"அந்தத் தாளை வச்சுக்கிட்டு ஊருக்குப் போய்ட்டு வரலாம்னு அந்த ஆபீசு அம்மா சொன்னாங்க. நீங்க என் பக்கத்துலதான உட்கார்ந்திருந்தீங்க?"

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது.

"ஆமா" என்றார். "நீ உடைஞ்சு போவேன்னு நினைச்சேன். மாமாவும் கெஞ்சினாரு. நான் உன் நல்லதுக்குத்தான்..."

"எட்டாவது படிச்சப்ப மயங்கி விழுந்தேன். அதுக்கப்புறம் இந்த ஊருக்கு வந்தேன், தெரியாத பாஷைல பிள்ளை பெத்தேன், அம்மாவைக் கொண்டுபோய் எரிச்சுட்டு வந்தேன். எப்பங்க உடைஞ்சேன்?"

அன்று முதல் எங்கள் வீட்டில் பால், குப்பை நாள், யாழினியின் பல் மருத்துவர் என்று தேவையானது மட்டும் பேசப்பட்டது. இரண்டாம் வாரம் என் நெஞ்சு இறுகியது.

5

ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து, வீட்டுக்குப் போக மனமில்லாமல், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ் வந்தது, போனது. யாழினி தன் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எனக்கும் தெரியும்" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை.

"அப்புச்சிக்கு ஹார்ட்ல பிரச்சினை இருந்தது. அவரே சொன்னாரு. சனிக்கிழமை பேசறப்ப."

கணவரிடம் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இதற்கு வரவில்லை. இவளுக்கு அப்போது பதினான்கு வயது.

"என்ன சொன்னாரு?"

அவள் அழ ஆரம்பித்தாள். பாதித் தமிழும் பாதி ஜெர்மனுமாகச் சொன்னாள். அப்புச்சி சொன்னதை மட்டும் அவர் குரலிலேயே, ஓர் எழுத்து மாறாமல் சொன்னாள்.

"உங்கம்மாளுக்குத் தெரிஞ்சா வந்து என்னைய ஆபரேசன் மேசையில ஏத்தீருவா கண்ணு. அவ சொன்னா என்னால தட்ட முடியாது. நெஞ்சை அறுத்துத் தொறப்பாங்களாமா. எனக்குப் பயமா இருக்குதுங்க கண்ணு. யாருகிட்டயும் சொல்லீராத."

"அழுதாரும்மா" என்றாள். "பெரியவங்க அழுது நான் பார்த்ததே இல்ல. சரிங்க அப்புச்சின்னு சொல்லிட்டேன்."

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தது. பள்ளியிலிருந்து கூப்பிட்டு அழைத்துப்போகச் சொல்வார்கள். பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நான் பாலை நிறுத்திப் பார்த்தேன், கோதுமையை நிறுத்திப் பார்த்தேன். அவள் வயிற்றுக்குள் இருந்தது என் அப்பாவின் பயம்.

பெஞ்சில் அவளை அணைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். "நீ தப்புப் பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைச் சொல்லும்போதே உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பயந்தது நானில்லை. பாறையைத் துளைத்துத் தண்ணீர் கண்ட மனிதர், தன் நெஞ்சைத் திறக்கப் பயந்திருக்கிறார். பயப்படட்டும், யாருக்குத்தான் பயமில்லை? அந்தப் பயத்தை என் பேரில் எழுதிவிட்டுப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகனிடம் சொன்னார், மருமகனிடம் சொன்னார், 'பாப்பா பயந்துக்குவா'. உண்மையை மட்டும் ஒரு குழந்தையிடம் இறக்கி வைத்தார். அண்ணனோடு சண்டை போடலாம், கணவரோடு பேசாமல் இருக்கலாம். அப்பாவை என்ன செய்வது?

அன்று மாலை குமரேசனிடம் யாழினி சொன்னதைச் சொன்னேன். அவளுக்கும் தெரியும் என்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரே விஷயத்தை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். நான் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மன்னிச்சிரு" என்றார். இன்னும் மன்னிக்கவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன் என்று சொல்வதுகூட முழு உண்மையாகாது. ஆனால் யாழினியை வாரம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகரிடம் அவர்தான் கூட்டிப்போகிறார். வெளியே காரில் காத்திருந்து கூட்டிவருகிறார். அவளுக்கு வயிற்று வலி குறைந்திருக்கிறது. எனக்கு நெஞ்சு இறுகுவது எப்போதாவது வருகிறது. வந்தால் உட்கார்ந்துகொள்கிறேன், போய்விடுகிறது.

6

கோடையில் ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் அண்ணனிடமிருந்து போன். நான் வேலை செய்யும் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தின் பின்வாசலில் நின்று எடுத்தேன். திதிக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. மழை இல்லை, மரவள்ளி விலை சரியில்லை என்று ஏதேதோ பேசினார். பிறகு குரல் தணிந்தது.

"பாப்பா, கொஞ்ச நாளா மேடேறினா நெஞ்சைப் புடிக்குது. இடது கை மரத்துப் போகுது. அப்பாவுக்கு ஆரம்பத்துல இருந்தாப்பலயே."

"நங்கைகிட்டச் சொன்னீங்களா?"

"அவகிட்ட எப்படிச் சொல்றது? பயந்துக்குவா. பசங்களுக்குப் பரீச்சை வேற."

"பொறவு எங்கிட்ட எதுக்குங்கண்ணா சொல்றீங்க?"

"யாருகிட்டயாவது சொல்லோணும்ல. நீ தூரத்துல இருக்கறே. உன்னோட நிக்கட்டும். சத்தியம் பண்ணு."

வாசலில் வெயில் நன்றாக அடித்தது. என்னோடு வேலை செய்பவர்கள் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"வைக்கறேனுங்கண்ணா" என்று சொல்லித் துண்டித்தேன். உடனே நங்கைக்குப் போட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்தவில்லை, அழவில்லை. "அடுப்பை அணைச்சுட்டேன் அம்மிணி. டிரைவரு இங்கதான் இருக்கறான். இப்பவே சேலம் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான், பயந்துக்குவா என்று சொல்லப்பட்ட அந்தப் பெண்மணி.

போகும் வழியில் காரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"உன்னைய நம்பித்தான சொன்னேன்? இப்பிடி முதுகுல குத்தீட்டியே பாப்பா. இனி எம் மூஞ்சியில முழிக்காத."

அன்று இரவே அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு குழாய் ஏறக்குறைய முழுக்கவே அடைத்திருந்ததாம்.

நங்கை சனிக்கிழமைகளில் கூப்பிடுகிறார். போனைத் திருப்பிக் காட்டச் சொல்வேன். அண்ணன் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டோ, ரிக் வண்டிக்காரப் பையன்களைத் திட்டிக்கொண்டோ இருப்பார். என் குரல் கேட்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டாம். இருக்கிறார்.